முகம் கீறாத ராணி

1

கலியாண எழுத்துக்கு நாள் குறிக்கப் போன இடத்தில்தான் இதை எழுத வேண்டும் என்ற எண்ணம் வந்தது. பதிவுத் திருமணத்தை எங்கள் பக்கத்தில் எழுத்து என்றுதான் சொல்வார்கள். பதிவுகாரர் நல்ல மனிதர். விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெண் என்ன வேலை என்று கேட்டார்.

"காட்டூன் எழுதுறா," என்றேன்.

"படம் கீறுறவோ?"

"கீறுறது வேறை ஆக்கள். இவ கதையும், அதிலை ஆக்கள் கதைக்கிறதும் எழுதுறா."

"சின்னப் பிள்ளையளுக்கு. நல்லது."

"இல்லை, வளந்த ஆக்களுக்கு."

பேனை நின்றுவிட்டது. பக்கத்துக் கதிரையில் இருந்த என் அண்ணை தொண்டையைச் செருமினார். வளர்ந்த ஆட்களுக்கு என்று ஒரு காட்டூன் இருந்தால் அது எப்படிப்பட்டதாக இருக்கும் என்று பதிவுகாரர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. அவர் யோசித்ததில் பெரிய பிழை இல்லை என்பதுதான் எனக்குச் சங்கடம்.

"எழுத்தாளர் எண்டு போடுங்கோவன்," என்றேன்.

"எழுத்தாளர் எண்டால் என்ன புத்தகம் எண்டு ஆரும் கேப்பினம். தனியார் துறை எண்டு போடுறன். அதுக்குள்ளை எல்லாம் அடங்கும்."

"போடுங்கோ, போடுங்கோ," என்று அண்ணை முந்திக்கொண்டார்.

நான் வசந்தி. பிறந்த ஊரின் பெயர் உடுவில். கனடாவில் ஸ்காபரோவில் முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறேன். வந்திருப்பது என் ஒரே மகள் ஆரணியின் கலியாணத்துக்கு. கலியாணத்தை ஊரில் வைக்க வேண்டும் என்று கேட்டது நானல்ல, அவள். ஏன் என்று கேட்டதற்கு, "அங்கை வைச்சால்தான் சரி," என்று மட்டும் சொன்னாள். மாப்பிள்ளைப் பெடியனின் பெற்றோர் பருத்தித்துறைப் பக்கம், அவன் வளர்ந்தது கனடாவில். இருவரும் அடுத்த கிழமை வந்து இறங்குகிறார்கள். மருதனார்மடத்தில் மண்டபம் எடுத்தாயிற்று. சாப்பாட்டுக்கு ஆள் சொல்லியாயிற்று.

மணவறையில் தாரை வார்ப்பதற்கும் ஆள் சொல்லியாயிற்று. பெண்ணின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து, தண்ணீர் வார்த்துக் கொடுப்பது பெற்றோர் செய்கிற வேலை. என் கணவர் இல்லை. அவர் போனபோது ஆரணிக்குப் பத்து வயது. ஆகவே அண்ணையும் என் மச்சாளும், அதாவது அண்ணையின் மனைவியும், அந்த இடத்தில் நிற்பார்கள். போன மாதம் அண்ணை தொலைபேசியில், "அப்ப தாரை வாக்கிறதுக்கு…" என்று தொடங்கியபோது, அவர் முடிக்கவே விடாமல், "நீங்களும் மச்சாளும்தான், வேறை ஆர்," என்றேன்.

ஆரணியிடம் இதை நான் சொல்லவில்லை. விமானம் ஏறும்போதும் சொல்லவில்லை. அவள் வந்து இறங்கிய பிறகு சொல்லலாம், கலியாணப் பரபரப்பில் அவள் சண்டை பிடிக்க நேரம் இருக்காது என்று கணக்குப் போட்டிருந்தேன்.

2

என் மகளின் வேலையைப் பற்றி நான் பல வருடம் பொய் சொல்லியிருக்கிறேன். கோயிலில் யாராவது கேட்டால் 'கொம்பியூட்டரில்' என்பேன். கனடாவில் அந்தச் சொல்லுக்குப் பிறகு ஒருவரும் மேலே கேட்பதில்லை.

ஆரணி பல்கலைக்கழகத்துக்குப் போனவள் திரும்பி வீட்டுக்கு வந்து இருக்கவில்லை. நகரத்தின் நடுவில் ஒரு சின்ன அறை எடுத்துக்கொண்டாள். ஞாயிறுகளில் போன் பண்ணுவாள். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். குளிரோ, குளிர். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் தமிழ் குறைந்துகொண்டே வந்தது. ஆங்கிலம் அதற்கு ஈடாகக் கூடவும் இல்லை. என் ஆங்கிலம் முதியோர் இல்லத்துக் குசினியில் கற்ற ஆங்கிலம். உப்பு, சீனி, அரைத்த சாப்பாடு, அரைக்காத சாப்பாடு, பல் இருக்கிறதா இல்லையா. அதற்குள் ஒரு மகளோடு எவ்வளவு கதைக்கலாம்?

அப்படியிருக்க ஒருநாள், தான் ஒரு தொடருக்கு எழுதுவதாகவும், அது ஓர் இளவரசியைப் பற்றிய காட்டூன் என்றும் சொன்னாள். மேலே ஏதோ சொல்ல வந்தாள். நான் கேட்கவில்லை. எனக்கு வந்த சந்தோசம் அப்படி. இளவரசி, காட்டூன், என் மகள் எழுதியது. அடுத்த சனிக்கிழமையே, நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கப் போகிற தமிழ் வகுப்பில் ரீச்சரிடம் சொன்னேன்: பரீட்சை முடிந்து பிள்ளைகள் சும்மாதானே இருக்கிறார்கள், எங்கள் பிள்ளை ஒருத்தி எழுதினது, போட்டுக் காட்டுங்கோ.

ரீச்சரும் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். காட்டூன் என்றால் குழந்தைகளுக்கு என்றுதான் அவவும் படித்தவ. தொடங்குமுன் திரையில் ஏதோ எச்சரிக்கை வந்தது. அது பதிப்புரிமை பற்றியதாக்கும் என்று இரண்டு பேரும் விட்டுவிட்டோம். முதற்காட்சியில் இளவரசி ஒரு மதுக்கடை மேசைக்குக் கீழே இருந்து எழும்புகிறாள். அரண்மனைக்கு வருகிறாள். புனிதத் தீர்த்தக் கிணற்றில் குடித்ததை எல்லாம் சத்தி எடுக்கிறாள். பிறகு மேற்சட்டையைக் கழற்றி அந்தக் கிணற்றிலேயே தோய்க்கிறாள். ரீச்சர் ஓடிப்போய்த் திரைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றா. படம் அவவின் சீலையில் விழுந்து தொடர்ந்து ஓடியது. ஆங்கிலத்தில் அந்த இளவரசி சொன்ன சொற்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் விளங்கின. விளங்காதது எங்கள் இரண்டு பேருக்கும்தான்.

அன்றிரவு மூன்று தாய்மார் எனக்குப் போன் எடுத்தார்கள். ஆரணிக்கு இது எப்படியோ தெரியவந்து, அவள் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

"அம்மா, நீங்கள் அதைப் பாக்க வேண்டாம். ப்ளீஸ்," என்றாள் கடைசியில். சிரிப்பு இல்லாமல் சொன்னாள்.

பார்க்க வேண்டாம் என்று சொன்னால் பார்க்காமல் இருக்கிற குடும்பத்தில் நான் பிறக்கவில்லை.

3

என்னோடு குசினியில் வேலை செய்யும் மரியா பிலிப்பைன்ஸ்காரி. அவளுடைய மகன் அந்தத் தொடருக்குப் பைத்தியம். மத்தியான இடைவேளையில் அவள் தன் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைப்பாள். நாங்கள் இருவரும் பார்ப்போம். எனக்கு விளங்காத இடத்தில் அவள் நிறுத்திச் சொல்வாள். அவளுக்கு வெட்கமாக இருக்கிற இடத்தில் இருவரும் ரொட்டியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவோம்.

கதை இதுதான். கடலோரமாக ஒரு களப்புக்கரை இராச்சியம். அதற்கு ஓர் இளவரசி. வயது வந்தும் முடிசூட மாட்டேன் என்கிறாள். குடிக்கிறாள், சூதாடுகிறாள், பார்க்க வந்த அரசகுமாரர்களை முதலைக்கு அறிமுகம் செய்து வைக்கிறாள். அரசன் இறந்துவிட்டான், ஆனால் போகவில்லை. ஆவியாக அரண்மனை வாசலில் நின்று, வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் நாளைக்கு மழை வருமா என்று கேட்கிறான். அதைக் கண்டதும் நான் வாயைப் பொத்திக்கொண்டேன். என் கணவர் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் தொலைக்காட்சியில் வானிலைதான் பார்ப்பார். ஒரே குளிர்தானே, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நான் ஏசுவேன். பத்து வயதுப் பிள்ளை அதை எங்கே வைத்திருந்ததோ தெரியாது.

மாமன் ஒருவர் மந்திரியாக இருக்கிறார். கையில் எப்போதும் ஒரு குடம். நல்லதோ கெட்டதோ எது நடந்தாலும் யாருடைய தலையிலாவது தண்ணீரை ஊற்றிவிட்டு, "அப்ப என்ன, செய்வம்," என்பதை ஆங்கிலத்தில் சொல்கிறார். அது என் அண்ணை. அச்சு அசல்.

இவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு, அடுத்தது என் முறை என்பது உறைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. ராணி ஒருத்தி இருக்கிறா. அவ அரண்மனைக் குசினியை விட்டு வெளியே வருவதில்லை. குசினிக்கும் சபைக்கும் நடுவில் ஒரு சின்ன யன்னல். அதனூடாக இரண்டு கைகள் வரும், ஒரு தட்டை நீட்டும், போய்விடும். "சாப்பிட்டியா?" என்று ஒரு குரல். ஒருமுறை, பறவைநாகம் நெருப்பு ஊதிக்கொண்டிருந்தபோது, அந்த யன்னலில் இருந்து குரல் வந்தது: லைற்றை மூடு. ஆங்கிலத்தில், அணை என்பதற்கு மூடு என்று நான் சொல்கிற அதே பிழையோடு. மரியா மேசையில் அடித்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். என்ன செய்வது?

இரண்டு சீசன் முழுவதும் தேடிவிட்டேன். மந்திரிக்கு முகம் இருக்கிறது. ஆவிக்கு முகம் இருக்கிறது. முதலைக்குக் கூட மூன்று விதமான முகபாவம் இருக்கிறது. ராணிக்கு இல்லை. கை மட்டும்தான்.

எனக்கு மனம் விட்டுப்போனது. இருபது வருடத்துக்கு மேலாகச் சமைத்துப் போட்டு, பனியில் பஸ் ஏறி, ஒருத்தியாக நின்று வளர்த்தெடுத்த பிள்ளை என்னை யோசித்தால் அவளுக்கு ஞாபகம் வருவது தட்டு நீட்டுகிற இரண்டு கைகள். முகம் கீறக்கூட நான் பெறுமதி இல்லாமல் போனேனாக்கும் என்று நினைத்தேன். ஞாயிறு வந்தது. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். குளிரோ, குளிர். ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் சீசன் வந்தபோது நான் பார்க்கவும் இல்லை.

4

ஆரணி பெரியபிள்ளையானது பன்னிரண்டாம் வயதில். போரில் மூடிக் கிடந்த பாதை திறந்து, வெளிநாட்டில் இருந்தவர்கள் எல்லோரும் கூட்டமாக ஊர் பார்க்க வரத் தொடங்கிய காலம். சாமத்தியச் சடங்கை உடுவிலில் வைக்கலாம் என்று அண்ணை சொன்னார். தகப்பன் இல்லாத பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லாமல் செய்து காட்ட வேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். எனக்கும்தான்.

பல்லக்கு வந்தது. வாடகைக்கு ஒரு சிம்மாசனம் வந்தது, சிவப்பு வெல்வெட் போட்டு, இரண்டு பக்கமும் சிங்கம் வைத்தது. கல் பதித்த முடி ஒன்றும் வந்தது. அண்ணை தாய்மாமன் முறைக்குப் பாலும் அறுகும் வைத்துத் தலையில் தண்ணீர் வார்த்தார். மச்சாளும் இன்னும் சில பெண்களும் ஆராத்தி எடுத்தார்கள். விளக்குத் தட்டு, பழத் தட்டு, பலகாரத் தட்டு என்று ஒவ்வொன்றாகச் சுற்றினார்கள். கணவன் இருக்கிற பெண்கள்தான் அதைச் செய்வது. ஊருக்கே தெரிந்த வழக்கம்.

நான் பின்வளவில் போட்டிருந்த சமையல் கொட்டிலில் நின்றேன். இதை வாசிக்கிறவர்கள் சொந்தக்காரரைத் திட்டத் தொடங்க முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என்னை ஒருவரும் அங்கே அனுப்பவில்லை. விடிய எழும்பி, குளித்து, வெளிறின சீலை ஒன்றைக் கட்டிக்கொண்டு நானாகத்தான் போனேன். எனக்குப் பயம். அவர் முப்பத்தொன்பது வயதில் வேலைக்குப் போன இடத்தில் விழுந்தவர். என் தலையெழுத்தில் ஏதோ இருக்கிறது, அது பிள்ளையில் ஒட்டக்கூடாது, நல்ல நேரத்தில் என் நிழல் அவள்மேல் விழக்கூடாது என்று நினைத்தேன். படித்த பெண்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்தவள்தான். பயத்துக்கு அது தெரியாது.

நடுவில் ஆரணி சிம்மாசனத்தை விட்டு இறங்கி, அந்தப் பாரச் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொட்டில் வாசலுக்கு வந்தாள். "அம்மா," என்றாள். நான் அடுப்புப் பக்கம் பார்த்தபடியே, "போ பிள்ளை, போ. படம் எடுக்கிறவை காத்துக்கொண்டு நிக்கினம்," என்றேன். திரும்பவில்லை.

அவள் போன வழியில் அண்ணையின் மறியாடு கட்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் முன்பக்கம் ஒரே கூச்சல். முடியை ஆட்டின் தலையில் வைத்துவிட்டுப் பிள்ளை மாமரத்துக்குக் கீழே சப்பாணி கொட்டி இருக்கிறாள். ஆடு முடியோடு பலகாரத் தட்டுக்குப் போய்விட்டது. வந்தவர்கள் சிரித்தார்கள். "கனடாப் பிள்ளை, அடங்காது," என்றார்கள். அந்தப் பெயர் அவளோடு ஒட்டிக்கொண்டது. நானும் அதையே நம்பினேன். அலங்காரம் பிடிக்கவில்லை, வெயில் பிடிக்கவில்லை, என்னிலே கோபம் என்று வைத்துக்கொண்டேன்.

5

பதிவுகாரரிடம் போய்வந்த அன்று மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும் அண்ணை கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"அப்ப என்ன, உந்தக் காட்டூனை ஒருக்காப் பாப்பம்."

"வேண்டாம் அண்ணை. சரியில்லாத படம்."

"பிள்ளை எழுதினது எப்பிடிச் சரியில்லாமல் போகும்? பதிவுகாரன்ரை முகத்தைப் பாத்தனான். நாளைக்கு ஊர் கேக்கும். நான் பாக்காமல் என்னத்தைச் சொல்லுறது?"

அண்ணை கூட்டுறவுச் சங்கக்கடையில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது தோட்டத்தில் வெங்காயமும் பீற்றூட்டும் போடுகிறார். எதையும் சரக்கைப் பார்க்காமல் கையெழுத்து வைக்காத பழக்கம் இன்னும் போகவில்லை. மச்சாள் ஏற்கெனவே தன் மடிக்கணினியைத் தூசு தட்டிக்கொண்டிருந்தா. எது நல்லது என்று தெரியாமல், நான் பார்க்காத மூன்றாம் சீசனின் கடைசிப் பகுதியைப் போட்டேன். கடைசி என்றால் எல்லாம் அடங்கியிருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

"ஐயோ, உந்தப் பிள்ளைக்கு உடுப்பு இல்லையே?" மச்சாள் விரல்களுக்கு நடுவால் பார்த்தா.

"இருக்கு மச்சாள். போட்டுக்கொண்டு வருவா."

"வாயிலை என்ன, சுருட்டோ?"

"எங்கடை சுருட்டு மாதிரித்தான் கிடக்கு," என்றார் அண்ணை, முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய்.

பிறகு மந்திரி குடத்தோடு வந்தார். ஒரு தளபதியின் தலையில் ஊற்றினார். அண்ணை அசையாமல் பார்த்தார். இரண்டாம் முறை ஊற்றியபோது என் பக்கம் திரும்பினார்.

"உது நான் எல்லே?"

மச்சாள் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டா. அண்ணை கொஞ்ச நேரம் யோசித்தார். "மீசை சரியில்லை," என்றார். "மற்றும்படி சரி."

அது முடிசூட்டு நாள் பற்றிய பகுதி. பல்லக்கு, சிம்மாசனம், தட்டுகள் எல்லாம் வந்தன. இளவரசி ஒரு வழியாக ஒத்துக்கொண்டு வந்து அமர்ந்திருக்கிறாள். முடியைத் தலைக்குக் கிட்டக் கொண்டுவரும்போது, கையால் தடுத்து, அம்மா எங்கே என்று கேட்கிறாள். அரசன் இல்லாத ராணி முடிசூட்டைப் பார்க்கக்கூடாது, இராச்சியத்து வழக்கம் என்கிறார் ஒரு வயதான அரண்மனை எழுத்தர். இளவரசி கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்கிறாள். இறங்கிப் போய்க் குசினி யன்னலில் தட்டுகிறாள். கை வருகிறது. தட்டு வருகிறது. ராணியின் குரல் சொல்கிறது: போ மகள், படம் கீறுறவை காத்திருக்கினம்.

ஆங்கிலத்தில்தான் சொன்னது. எனக்குக் கேட்டது என் தமிழில்.

இளவரசி போகவில்லை. அந்தச் சின்ன யன்னலுக்குள் தலையை விட்டு உள்ளே இறங்கப் பார்க்கிறாள். இடுப்பு இறுகிவிட்டது. சபைப் பக்கம் இரண்டு கால்கள் மட்டும் உதைத்துக்கொண்டு தொங்குகின்றன. மந்திரி காலில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறார். மச்சாள் சத்தம் போட்டுச் சிரித்தா. பிறகு அந்தக் கால்கள் உதைப்பதை நிறுத்தின. உள்ளே அவள் என்ன கண்டாள் என்று காட்டவில்லை. அசையாத கால்கள்தான், நெடுநேரம். அதோடு முடிந்துவிட்டது.

மச்சாள் சிரிப்பை எப்போது நிறுத்தினா என்று எனக்குத் தெரியாது. அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அண்டைக்கு உன்னைக் கூப்பிட நான் ஆள் அனுப்பினனான்," என்றார். "ஆராத்தி எடுக்காட்டிலும் பக்கத்திலை வந்து நில் எண்டு. அடுப்பிலை வேலை எண்டு சொல்லி விட்டாய்."

"ஓம் அண்ணை."

"நானே வந்திருக்க வேணும்."

"வந்திருந்தாலும் வந்திருக்க மாட்டன்."

அண்ணை தோட்டத்துக்குத் தண்ணீர் மாற்றிவிட வேண்டும் என்று எழும்பிப் போனார்.

6

அன்று பின்னேரம், கனடாவில் காலை, ஆரணிக்கு நானே போன் எடுத்தேன். ஞாயிறு இல்லாததால் அவள் பயந்துவிட்டாள்.

"என்னம்மா, ஆருக்கும் சுகமில்லையே?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. உன்ரை படம் பாத்தனாங்கள். கடைசிப் பகுதி."

"ஓ." பிறகு, "மாமாவுமோ?"

"மீசை சரியில்லையாம்."

அவள் சிரித்தாள். சிரிப்பு முடிய நான் கேட்டேன். இரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்த கேள்வி, கேட்கும்போது சண்டைக்கு வந்ததுபோலத்தான் வெளியே வந்தது.

"ஏன் பிள்ளை ராணிக்கு முகம் கீறேல்லை? முதலைக்கு இருக்கு. எனக்கு இல்லையோ?"

அவளுக்குப் பின்னால் கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டது.

"கீறுற ஆக்களும் என்னட்டைக் கேட்டவை அம்மா. எனக்குச் சொல்லத் தெரியேல்லை. அந்த சாமத்திய வீடியோவை எத்தினை தரம் பாத்தனான் தெரியுமே? மூண்டு மணித்தியாலம். அதிலை எல்லாரும் இருக்கினம். தெரியாத ஆக்கள் எல்லாம் சாப்பிடுகினம். நீங்கள் இல்லை. ஒரு இடத்திலை மட்டும் கொட்டில் வாசலாலை ரெண்டு கை தட்டு நீட்டுது. உங்கடை காப்பு. அவ்வளவுதான் இருக்கு."

"நீ வந்து பாத்தனீதானே."

"வந்தனான். நீங்கள் திரும்பேல்லை. நீங்கள் என்ன முகத்தோடை நிண்டனீங்கள் எண்டு எனக்குத் தெரியாதம்மா. தெரியாததை எப்பிடி அவைக்குக் கீறச் சொல்லுறது?"

நான் அவளுக்குச் சொன்னேன். அழவில்லை என்று சொன்னேன், ஏனென்றால் அழவில்லை. பயம் என்று சொன்னேன். எதற்குப் பயம் என்றும், அவளுடைய அப்பா விழுந்ததில் இருந்து ஒவ்வொரு நல்ல காரியத்திலும் ஏன் ஒதுங்கினேன் என்றும், அவளுடைய பட்டமளிப்பில் கூடக் கடைசி வரிசையில் இருந்தது ஏன் என்றும், தமிழில், இடையில் நிறுத்தாமல் சொன்னேன். இவ்வளவு நீளமாக அவளோடு கதைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு எல்லாச் சொல்லும் விளங்கியதோ தெரியாது.

அவள் அதை மூடநம்பிக்கை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு வாதாடச் சுகமாக இருந்திருக்கும்.

"கலியாணத்துக்கு எங்கையம்மா நிப்பியள்?" என்று மட்டும் கேட்டாள்.

நாளைக்குக் கதைப்பம் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அடுத்த நாள் காலை ஐயர் வந்தார், சாமான் விபரம் சொல்ல. மச்சாள் தேத்தண்ணி கொடுத்தா. நெல், தேங்காய், கூறை, நிறைகுடம் என்று எல்லாம் சொல்லி முடித்து, "தாரை வாக்கிறது தமையனும் பெண்சாதியும்தானே?" என்றார்.

அண்ணை என்னைப் பார்த்தார். எந்த விடயத்திலும் முதல் ஆளாகச் 'செய்வம்' என்கிற மனிதர், அன்று எனக்காகக் காத்திருந்தார்.

இரவு நித்திரை இல்லாமல் யோசித்து ஒரு தைரியம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. பயம் அப்படியே இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது. ஆனால் என் மகள் தன் கலியாண வீடியோவையும் ஒருநாள் போட்டுப் பார்ப்பாள் என்பது, ஐயர் கேட்ட அந்தக் கணத்தில், பயத்தை விடப் பெரிதாக எனக்கு முன்னால் நின்றது.

"கையைப் பிடிச்சுக் குடுக்கிறது அண்ணையும் மச்சாளும்," என்றேன். "செம்புத் தண்ணி நான் வாக்கிறன், ஐயா."

ஐயர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "அது… வழக்கமில்லை எல்லே."

"தெரியும் ஐயா. இவ்வளவு காலமும் அதை ஆரும் சொல்லாமலே காப்பாத்தினனான்."

"ஆக்கள் கதைப்பினம், அம்மா."

"இப்ப கதைக்காமலே இருக்கினம்?" என்றா மச்சாள்.

ஐயர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். பிடித்துப்போய்ச் சம்மதித்த மாதிரி இல்லை. கலியாணத்துத் தட்சணை கைவிட்டுப் போகக்கூடாது என்பதும் அதில் இருந்திருக்கும். "முகூர்த்தம் விடிய ஆறரைக்கு," என்றார். "பிந்தாதேங்கோ. ஈரக்கையிலை செம்பு வழுக்கும், இறுக்கிப் பிடிக்கவேணும்."

அவர் போனதும் அண்ணை எழும்பி, வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு, படலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவருக்கும் அப்படித்தான் எண்ணம் இருந்திருக்க வேண்டும். வாயில் வந்தது வேறு.

"அப்ப மண்டபத்திலை குசினிப் பக்கம் ஆர் பாக்கிறது? எந்தக் காரியத்துக்கும் நீதானே நிக்கிறனீ."

"ஆளைப் பிடியுங்கோ அண்ணை," என்றேன். "அண்டைக்கு எனக்கு நேரமில்லை."